இலைமேல் நீட்டிய கை

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி முகம் வாடி வந்து நின்றார். 37 டிகிரியில் வளர்க்க வேண்டிய ஈ.கோலை பாக்டீரியாவை 30 டிகிரியில் வைத்துவிட்டார். பாக்டீரியா வளர்ந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய பிளாஸ்மிட்தான் துளியூண்டு.

பிளாஸ்மிட் என்பது குரோமோசோமைச் சேராமல் தனியே இருக்கும் டி.என்.ஏ. வளையம். 1952இல் அதற்குப் பெயர் வைத்தவர் லெடர்பர்க் என்ற அமெரிக்க மரபியலாளர். கோல் ஈ1 என்ற பிளாஸ்மிட், ஒரு செல்லில் சுமார் 15, 20 படிகள், அதாவது நகல்கள், இருக்கும். கூடினால் செல்லுக்குச் சுமை. குறைந்தால், செல் இரண்டாகும்போது ஒரு பிள்ளைக்குப் பங்கே கிடைக்காமல் போகலாம். சரி, உள்ளே உட்கார்ந்து எண்ணுவது யார்?

யாருமில்லை. பிளாஸ்மிட் தன்னைப் படியெடுக்கத் தொடங்கும் இடத்துக்கு 555 எழுத்து (டி.என்.ஏ.வின் அலகைத்தான் எழுத்து என்கிறேன்) முன்னாலிருந்து, டி.என்.ஏ.வைப் பார்த்து எழுதப்படும் ஓர் ஆர்.என்.ஏ. இழை உருவாகிக்கொண்டே வரும். பெயர் ஆர்.என்.ஏ. 2. அது சரியாக மடிந்து டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டால், ஒரு நொதி அதை அளவாக நறுக்கும். இன்னொரு நொதி அந்த நுனியைப் பிடித்துப் புது டி.என்.ஏ.வைக் கோக்கத் தொடங்கும்.

அதே இடத்தின் எதிர் இழையிலிருந்து 108 எழுத்து நீளத்தில் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வும் பிறக்கிறது: ஆர்.என்.ஏ. 1. பந்தியில் போதும் என்று இலைமேல் கை நீட்டுவோமே, அந்தக் கை இதுதான். நீண்டுகொண்டிருக்கும் ஆர்.என்.ஏ. 2ஐப் பிடித்துக்கொள்ளும், அது தாறுமாறாக மடிந்து டி.என்.ஏ.வோடு ஒட்டாமலே போய்விடும். ராப் என்ற சிறு புரதம் அந்தப் பிடியை இறுக்குகிறது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஆர்.என்.ஏ. 1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஒவ்வொரு பிளாஸ்மிட்டும் அதை ஓயாமல் தயாரித்தாக வேண்டும். அதனால் பிளாஸ்மிட் அதிகமென்றால் கைகள் அதிகம். செல் வளர்ந்து பெரிதாக, கைகளின் அடர்த்தி குறைந்து மறுபடி படியெடுப்பு தொடங்கும். நீண்ட நாள் வாழும் பொருளாக இருந்திருந்தால் பழைய கணக்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். 1981 வாக்கில் இதைப் பிரித்துக் காட்டியவர்கள் தொமிசாவா, இதோ என்ற இரு ஆய்வாளர்கள்.

அப்புறம், அந்த மாணவியிடம் இருந்தது பி.யு.சி. வகை பிளாஸ்மிட்; கோல் ஈ1க்கு உறவு, ஆய்வகத்துக்காக மாற்றி அமைத்தது. அதில் ராப் மரபணு கிடையாது, ஆர்.என்.ஏ. 2இல் ஓர் எழுத்தும் மாறியிருக்கும். 37 டிகிரியில் கை சரியாகப் பிடிக்காது, படிகள் நூற்றுக்கணக்கில் போகும். 30 டிகிரியில் பிடி திரும்பக் கிடைத்துவிடுகிறது. மறுநாள் அவர் 37இல் வளர்த்தார். குழாய் நிறையக் கிடைத்தது.


நன்றி, வணக்கம்.