சாம்பல்னு நினைச்சு கொட்டுற அலுமினியம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். அலுமினியம் உருக்குற பர்னஸ் முன்னாடியே ரொம்ப வருஷம் நின்னவன் நான். உருகின உலோகத்து மேல மிதக்குமே கசடு, தொழில்ல டிராஸ்னு சொல்லுவோம், இன்னைக்கு அதைப் பத்திதான் பேச வந்திருக்கேன்.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸ்ல உருகிடும். உருகினதும் காத்து பட்ட இடமெல்லாம் ஆக்சைடா மாறி, புண்ணு மேல பக்கு கட்டுற மாதிரி மெல்லிசா ஒரு தோல் கட்டிக்கும். அந்தத் தோல் உருகணும்னா 2,000 டிகிரிக்கும் மேல போகணும், நம்ம பர்னஸ்ல அதெல்லாம் நடக்காது. இதுல ஒரு ஆச்சரியம் பாருங்க, ஆக்சைடு உருகின அலுமினியத்தை விட கனம், நியாயமா அது மூழ்கணும், ஆனா மடிஞ்சு சுருங்கி உள்ள காத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மேலயே மிதந்துக்கிட்டிருக்கும். நாம கிளறக் கிளற, ஸ்க்ராப்பை உள்ள தள்ளத் தள்ள அந்தத் தோல் கிழியும், கிழிஞ்ச இடத்துல புதுசா கட்டும், ஒவ்வொரு மடிப்புலயும் நல்ல உலோகம் சொட்டு சொட்டா மாட்டிக்கும். இதைத்தான் வழிச்சு எடுத்து பேன்ல, அதாவது இரும்புத் தொட்டியில, கொட்டுறோம். பாக்க சாம்பல்தான், ஆனா உப்பு போடாம உருக்குற இடத்துல வர்ற வெள்ளை டிராஸ்ல பாதிக்கு மேலகூட உலோகமா இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நாள் சாயங்காலம் வழிச்ச டிராஸை பேனோட ஓரமா வச்சுட்டு எல்லாரும் கிளம்பிட்டோம், போகும்போது அது நடுவுல வெள்ளையா தகதகன்னு இருந்துச்சு, சூடு ஆறலைன்னுதான் நினைச்சேன். காலைல வந்து கம்பியால குத்திப் பாத்தா வெறும் பொடி, உலோகம்னு கைக்கு எதுவுமே தட்டுப்படலை. ராத்திரி பூரா அது எரிஞ்சிருக்கு. மாட்டிக்கிட்ட அலுமினியம் காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேர்ந்து சூட்டைக் கக்கும், அந்தச் சூடு பக்கத்துல இருக்குற சொட்டையும் எரிக்கும், அப்படியே பரவிக்கிட்டே போகும். சூடான டிராஸ்ல நிமிஷத்துக்கு ஒரு சதவீதம் உலோகம் போயிடும்னு தொழில்ல ஒரு கணக்கு சொல்லுவாங்க.

அதனாலதான் நான் திரும்பத் திரும்ப சொல்றது, மீட்கிற வேலை பர்னஸ் வாசல்லயே ஆரம்பிச்சாகணும். வழிச்ச உடனே சீக்கிரமா ஆற வைக்கணும். டிராஸ் பிரஸ்னு ஒரு மெஷின் இருக்கு, பேன்ல சூடா இருக்கும்போதே மேலேருந்து அழுத்தும், உள்ள இருக்குற சொட்டெல்லாம் ஒண்ணா சேர்ந்து ஒரு பங்கு அடியில வழிஞ்சுடும், மிச்சம் கெட்டியான கட்டியாகி காத்து உள்ள போக வழி அடைஞ்சிடும். அலுமினியத்தை எரிய விடாத ஆர்கான் வாயுவுக்குள்ள வச்சு ஆற வைக்கிறதும் உண்டு, வெளிப்பக்கம் தண்ணி ஓடுற டிரம்முல சுத்தவிட்டு ஆற வைக்கிறதும் உண்டு.

ஆறினதை மில்லுல போட்டு அடிச்சா ஆக்சைடு நொறுங்கி மாவாகும், அலுமினியம் நொறுங்காம தட்டையாகிடும், சல்லடையில சலிச்சா மேல தங்குறதுதான் சரக்கு. அதுக்கப்புறம் அந்தச் சரக்கு சுத்துற பர்னஸுக்குப் போகும். சாதா உப்பும் பொட்டாசியம் குளோரைடும் கலந்து, கூட கொஞ்சம் கிரையோலைட் மாதிரி ஃபுளோரைடு சேர்த்துப் போடுவாங்க. இந்த உப்புக் கலவை கிட்டத்தட்ட அலுமினியம் உருகுற சூட்டுலயே உருகும், அதுல இருக்குற ஃபுளோரைடுதான் சொட்டைச் சுத்தி இருக்குற தோலை உடைக்கும், உடைஞ்சதும் சொட்டுங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து அடியில குளமா நிக்கும். ஒவ்வொரு தடவை அதைத் திறந்துவிடும்போதும் எனக்கு மனசு நிறைஞ்சுடும், ஏன்னா புதுசா ஒரு கிலோ அலுமினியம் தாதுலேருந்து எடுக்க மின்பகுப்புக்கு மட்டுமே 13, 14 யூனிட் கரண்டு வேணும், இருக்குற உலோகத்தை உருக்கி எடுக்கிறதுக்கு மொத்தத்துல அதுல 5 சதவீதம் அளவு சக்தி போதும்.

ஆனா மிஞ்சுற உப்புக் கட்டி இருக்கே, அதுதான் பெரிய கவலை. அதுல அலுமினியம் நைட்ரைடு, கார்பைடு எல்லாம் இருக்கும். தண்ணி பட்டா நைட்ரைடு அம்மோனியாவா வரும், கார்பைடு மீத்தேனா வரும், மிச்சம் இருக்குற உலோகத்துலேருந்து ஹைட்ரஜன் வரும். மழை பெஞ்ச மறுநாள் மூடாத குவியல் பக்கம் போனீங்கன்னா கண்ணு எரிஞ்சு தண்ணி கொட்டும், நானே பட்டிருக்கேன். மூடின ஷெட்டுல இந்த வாயு சேர்ந்தா தீப்பொறி ஒண்ணு போதும். தயவுசெஞ்சு இதைத் திறந்தவெளியில கொட்டாதீங்க, மண்ணைப் போட்டும் மூடாதீங்க. முறையா செய்யிற இடத்துல இதைத் தண்ணியில கரைச்சு, வர்ற வாயுவைப் பிடிச்சு, உப்புத் தண்ணியை வத்தவச்சு உப்பைத் திரும்ப பர்னஸுக்கே அனுப்புறாங்க, நிக்குற ஆக்சைடு சிமெண்டுக்கும் வேற வேலைக்கும் போகுது. உப்பே இல்லாம பிளாஸ்மா, அதாவது கரண்டால பயங்கரமா சூடாக்கின வாயு, வச்சு சூடேத்துற முறையும் வந்திருக்கு, செலவு ஜாஸ்தி, ஆனா உப்புக் கட்டிங்கிற தலைவலி இல்ல.

சின்ன பட்டறை வச்சிருக்கறவங்க பிரஸ் வாங்க முடியாதேன்னு நினைக்கலாம். உங்க கிட்ட கேட்டுக்கிறது ரெண்டே விஷயம். ஓட்டை போட்ட கரண்டியால வழிங்க, நல்லா காஞ்ச கரண்டியா இருக்கணும், ஈரம் இருந்தா வெடிக்கும். வழிச்சதும் அவசரமா வெளிய இழுக்காம பர்னஸ் விளிம்புலயே கொஞ்ச நேரம் சாய்ச்சுப் பிடிங்க, ஓட்டை வழியா பளபளன்னு சொட்டு ஒண்ணொண்ணா திரும்ப உள்ள விழும், அது நிக்கிற வரைக்கும் பிடிச்சிருங்க.