முத்திரையை அப்புறம் பார்க்கலாம்: பிரிட்டிஷ் ஸ்டூடியோ பாண்டங்களை அடையாளம் காண்பது

வணக்கம் நண்பர்களே. மேசையில் இருக்கும் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அழகான பக்கத்தை மறைத்துவிட்டு அடியைக் காட்டுவதா என்று கேட்பீர்கள். இந்த வீடியோ முழுக்க அடியைப் பற்றித்தான்.

பிரிட்டனில் 1940களிலிருந்து 1960கள் வரை, தொழிற்சாலையில் அச்சில் வார்க்காமல் சின்னச் சின்னப் பட்டறைகளில் சக்கரத்தில் வனைந்த ஸ்டூடியோ பாண்டங்கள் இவை. பெரும்பாலும் சாரிட்டி கடையிலோ, காரின் டிக்கியில் பழைய சாமான் வைத்து விற்கும் கார் பூட் சேலிலோ ஒரு மூலையில் கிடக்கும். கையில் எடுத்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம், செய்தவர் யார் என்று சொல்லும் முத்திரையைத் தேடுவது. நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். முத்திரை என்பது ஈரக் களிமண்ணில் ஒரு சின்ன அச்சை அழுத்துவது, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் அழுத்தலாம்.

மிகைப்படுத்தவில்லை. 1980களின் தொடக்கத்தில், வுல்வர்ஹாம்ப்டன் பக்கத்திலுள்ள ஃபெதர்ஸ்டோன் சிறையில் கைதிகளுக்கு மண்பாண்ட வகுப்பு நடந்தது. அங்கே பெர்னார்ட் லீச் பெயரில் போலிப் பாண்டங்கள் வனைந்தார்கள். அவை லண்டனின் பெரிய ஏல நிறுவனங்கள் வரை போய் விற்றன. லீச் 1979இல்தான் இறந்திருந்தார், அதற்குள் இந்த வேலை! பிரிட்டிஷ் ஸ்டூடியோ பாண்டங்களின் தந்தை என்று சொல்லப்படுபவரின் முத்திரைக்கே இந்தக் கதி.

சரி, அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் இந்த அடிவளையம். பாண்டம் தரையில் நிற்கும் வட்ட விளிம்பு இதுதான். இங்கே பொதுவாக மேல்பூச்சு இருக்காது, ஏனென்றால் பூச்சு உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வெறும் களிமண் தெரியும் ஒரே இடம் பெரும்பாலும் இதுவே. ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சட்டென்று உறிஞ்சினால் எர்த்தன்வேர், ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்து நூறு டிகிரி வரை சுட்டது. அப்படியே உருண்டு நின்றால் ஸ்டோன்வேர், 1,250 டிகிரிக்கு மேல் போய்க் கல்லாக இறுகியது. அப்புறம் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். சந்தையில் பானை வாங்கும்போது நம் ஊர்ப் பாட்டிகள் செய்வதேதான். ஸ்டோன்வேர் கணீரென்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் இரண்டுமே மொத்தென்று சொல்லிவிடும்.

உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். வனைந்தவரின் விரல் ஏறிய சுருள் தடம் தட்டுப்படும். அடி தட்டையாக இருந்தால், சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்த வரிகள் சிப்பி ஓடு போல வளைந்து கிடக்கும். இரண்டு பக்கமும் மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால் அது அச்சில் வார்த்தது. அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊரில் 1963இல் தொடங்கிய டிராய்கா பட்டறையின் பாண்டங்கள் அச்சில் வார்த்தவைதான், அவற்றுக்கும் ஆள் அலைகிறார்கள். ஆனால் வனைந்தது என்று சொல்லி விலை கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இப்போது இந்தப் பழுப்புச் சூப் கிண்ணம். செயின்ட் ஐவ்ஸ் முத்திரை இது: ஒரு எஸ், அதன் மேல் ஒரு ஐ, இரண்டு புள்ளிகள். விற்பவர்கள் உடனே ‘லீச் செய்தது’ என்று எழுதிவிடுவார்கள். இல்லை. இது அவர் பட்டறையின் முத்திரை. லீச் பட்டறை 1920இல் அதே செயின்ட் ஐவ்ஸில் தொடங்கியது, கூட இருந்தவர் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாதா. 1937இல் மகன் டேவிட் லீச் சூளையை விறகிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார். போருக்குப் பிறகு பட்டறையின் வயிற்றுப்பாட்டைப் பார்த்தது ‘ஸ்டாண்டர்ட் வேர்’ என்ற வீட்டுப் பாத்திர வரிசை. குவளை, ஜாடி, முட்டை சுடும் சின்னக் கிண்ணம், தேன் பானை எல்லாம் உண்டு. வனைந்தவர்கள் வில்லியம் மார்ஷல், கென்னத் குவிக் போன்ற பட்டறைக்காரர்கள். ஸ்டாண்டர்ட் வேரில் பட்டறை முத்திரை மட்டும்தான் வழக்கம். பெர்னார்ட் லீச் தானே செய்த பாண்டத்தில் அதோடு அவருடைய பி.எல். குறியும் இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டில்தான் விலை எங்கேயோ போய்விடும்.

எனக்கு என்னவோ ஸ்டாண்டர்ட் வேர்தான் பிடிக்கும். பதினான்கு, பதினைந்து வயதில் பட்டறைக்கு வந்த மார்ஷல் நாற்பது வருடம் அங்கே இருந்தார். தினமும் ஒரே குவளையை வனைந்த கையின் தெளிவு இதில் இருக்கிறது. விளிம்பைப் பாருங்கள். டென்மோக்கு என்ற கறுப்புப் பூச்சு, மெலிந்த இடத்தில் துருப்பிடித்த சிவப்பாக உடைகிறது. போலிகளில் இந்த மாற்றம் பெரும்பாலும் பிசிறடிக்கும், அல்லது ஒரே சாக்லேட் நிறமாக இருக்கும்.

அடுத்தது, தேன் நிறத்தில் இருக்கும் இந்தச் சிவப்பு மண் ஜாடி. டபிள்யூ.பி. என்று சேர்த்து எழுதிய முத்திரை. வின்ச்கோம்ப் பாட்டரி என்பதன் சுருக்கம். லீச்சின் முதல் மாணவர்களில் ஒருவரான மைக்கேல் கார்டியூ 1926இல் க்ளஸ்டர்ஷயரில் எடுத்து நடத்திய பழைய பட்டறை. ரே ஃபின்ச் 1946இல் அதை வாங்கினார். 1950களில் ஸ்டோன்வேரைச் சோதிக்கத் தொடங்கி, 1960களில் எர்த்தன்வேரை விட்டுவிட்டார். அதனால் வின்ச்கோம்ப் முத்திரையோடு சிவப்பு எர்த்தன்வேர் கிடைத்தால், முத்திரை சொல்லாத காலத்தை மண் சொல்லிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: இந்தப் பழைய தேன் நிறப் பூச்சில் ஈயம் இருக்கும். அலமாரியில் வையுங்கள். புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய் எதையும் இதில் ஊற்றாதீர்கள்.

கார்டியூ பற்றி இன்னொன்று. 1950களில் அவர் நைஜீரியாவின் அபுஜாவில் பட்டறை நடத்தினார். அங்கே வனைந்தவர்களில் லாடி குவாலி புகழ்பெற்றவர். நைஜீரியாவின் இருபது நைரா நோட்டில் அவர் படம் இருக்கிறது, ஒரு குயவருக்கு அப்படியொரு மரியாதை! அபுஜா பாண்டங்கள் லண்டனில் விற்றன, அதனால் இன்னும் ஆங்கிலேய வீடுகளிலிருந்து வெளியே வரும். அடியில் அரபு எழுத்தில் முத்திரை இருந்தால் ‘இது இங்கிலாந்து இல்லை’ என்று கீழே வைத்துவிடாதீர்கள். அது அபுஜா பட்டறை முத்திரையாக இருக்கலாம்.

இப்போது எல்லோரும் கேட்கும் பெயர், லூசி ரீ. வியன்னாவில் பிறந்து, 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தவர். போர்க்காலத்தில் ஆல்பியன் மியூஸ் வீட்டில் பீங்கான் பொத்தான் செய்தார். ஜெர்மனியிலிருந்து வந்த ஹான்ஸ் கோப்பர் 1946இல் உதவியாளராகச் சேர்ந்தார், கொஞ்ச காலத்திலேயே சமமான கூட்டாளியாகிவிட்டார். இருவரும் சேர்ந்து செய்த காப்பிக் குவளைகளில் இரண்டு முத்திரையும் இருக்கும்: எல்.ஆர்., ஹெச்.சி. கோப்பரின் முத்திரையைப் பக்கவாட்டில் திருப்பினால் சக்கரத்தின் மேல் ஒரு கிண்ணம் இருப்பதுபோல் தெரியும். மனிதருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

ரீ பாண்டத்தில் கவனிக்க வேண்டியது வேலை செய்த முறை. அவர் மின்சூளையில், சுடாத காய்ந்த மண் மீதே தூரிகையால் பூச்சைத் தடவி, ஒரே தடவை சுட்டார். மற்றவர்கள் ஒருமுறை சுட்டு, பூச்சில் முக்கி, மறுபடி சுடுவார்கள். அவருடைய மாங்கனீஸ் விளிம்பு பழுப்பாகக் கீழே கசியும். கூரிய ஊசியால் கீறிய கோடுகள் சீராகவும் இருக்கும், கையின் அசைவும் அதில் தெரியும். போலியில் கோடு ரூலர் வைத்ததுபோல் இருக்கும், இல்லாவிட்டால் தடுமாறும். நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டுமானால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அவருடைய பட்டறையை அங்கே அப்படியே மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு இடம் யார்க். அங்கே கலைக்கூடத்தில் வில்லியம் இஸ்மேயின் தொகுப்பு இருக்கிறது. வேக்ஃபீல்டில் வாழ்ந்த நூலகர். 1955இலிருந்து, சம்பளக் காசில், சின்ன வீட்டுக்குள் 3,600க்கும் மேற்பட்ட பாண்டங்களைச் சேர்த்தார். 500க்கும் அதிகமான குயவர்களின் வேலை அது. நூலகர் அல்லவா, காகிதங்களையும் ஆவணங்களையும் சேர்த்தே வைத்துவிட்டுப் போனார். நீங்கள் சேர்க்கத் தொடங்கினால் இதையே செய்யுங்கள். எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பாண்டத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஒட்டுத்தாள் மட்டும் ஒட்டாதீர்கள், அடிவளையத்தில் பிசின் ஊறினால் கறை போகாது.

கடைசியாக இந்த மூடி போட்ட சாம்பல் பச்சை ஜாடி. முத்திரை தேடுங்கள், கிடைக்காது. டார்செட்டில் 1959இல் பட்டறை தொடங்கிய ரிச்சர்ட் பேட்டர்ஹாம் தன் பாண்டங்களில் முத்திரை குத்தவே இல்லை. இதை எப்படி அவருடையது என்கிறேன்? சாம்பல் கலந்த பூச்சு கீழே கொஞ்சம் தடித்து நிற்கிறது. வெட்டிய பட்டைகள் இறங்கும் விதம், மூடி வாய்க்குள் உட்காரும் விதம், கைக்கு எதிர்பாராத கனம். இதெல்லாம் சேர்ந்தால் வேறு ஆள் இல்லை. இவருடைய பாண்டங்கள் இன்றைக்கும் ‘பெயர் தெரியாதது’ என்ற சீட்டோடு கடைகளில் உட்கார்ந்திருக்கின்றன. மற்றவர்கள் முத்திரை இல்லை என்று தள்ளிவிட்டுப் போவது நமக்கு வசதி.

உங்களிடம் இருக்கும் பாண்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் மூன்று படம் அனுப்புங்கள்: அடிவளையம் கிட்டத்தில், உள்பக்கம், பக்கவாட்டு உருவம். முத்திரை நாலாவதாக வரட்டும். அடுத்த வீடியோவில் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும், 1952 வரை, உள்நாட்டில் அலங்காரப் பாண்டம் விற்கத் தடை இருந்த கதையும், அந்தத் தடை நீங்கியதும் ரை என்ற ஊரின் பட்டறை என்ன செய்தது என்பதும் பார்ப்போம். வருகிறேன்.