கரையில் நிற்கும் கப்பலுக்கு யார் மின்சாரம் தருவது?

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி மாங்கூழும் நம் பக்கத்துக் கிரானைட்டும் லாரி ஏறியதோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது. இப்படிச் சரக்கு போய்ச் சேரும் துறைமுகம் ஒன்றின் மின்கணக்கை இன்று பார்ப்போம்.

கப்பல் கரையில் கட்டப்பட்ட பிறகும் விளக்குக்கும் பம்புக்கும் குளிர்பெட்டிகளுக்கும் (குளிரூட்டிய கன்டெய்னர்கள்) அதன் துணை ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கன்டெய்னர் கப்பலுக்கு 1,500 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 36,000 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 210 கிராம் எண்ணெய் என்றால் ஏழரை டன் எரிகிறது. இதை நிறுத்தக் கரையிலிருந்தே மின்சாரம் தரலாம்.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 5 மெகாவாட் தரைச் சூரிய மின்நிலையம் உண்டு. கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் போட்டால் 20,000 யூனிட். அத்தனை சூரியப் பலகையும் இந்த ஒரு கப்பலுக்கே போதாது! 2030-க்குள் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 60 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும் என்கிறது 2023-இல் வந்த மத்திய அரசின் பசுமைத் துறைமுக வழிகாட்டுதலான 'ஹரித் சாகர்'. துறைமுக வளாகத்தில் பலகை போட்டு மட்டும் இது நடக்காது. தென்மேற்குப் பருவக் காற்றையும், வெளியில் விளையும் மின்சாரத்தையும் சேர்த்தால்தான் கட்டுபடியாகும்.

கரை மின்சாரத்தைக் கப்பலில் இணைப்பதுதான் சிக்கலான வேலை. நம் மின்தொடரின் (கிரிட்) அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கப்பல்கள் 60. அப்படியே கொடுத்தால் மோட்டார் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்காவிட்டால் சூடேறும். அதனால் அதிர்வெண் மாற்றி வேண்டும். பெரிய கப்பல்களுக்கு 6.6 அல்லது 11 கிலோவோல்ட். கேபிளைச் செருகி, பாதுகாப்புச் சுற்றைச் சோதித்து, மின்னழுத்தம், அதிர்வெண், கட்டம் (ஃபேஸ்) மூன்றும் பொருந்திய பிறகே சுமையை மெல்ல மாற்றி ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும். செருகியில் உப்பு ஈரம் படிந்தால் மின்காப்பு கெட்டு பிரேக்கர் விழும். அலை ஏற்ற இறக்கத்துக்குக் கேபிளைத் தளர்வாக விடாவிட்டால் இழுபட்டுவிடும்.

கிரேனும் மின்சாரம் தரும்; பெட்டி இறங்கும்போது அதன் மோட்டாரே ஜெனரேட்டராகச் சுழலும். 30 டன் பெட்டியை 20 மீட்டர் இறக்கினால், இழப்பு போக ஏறக்குறைய ஒரு யூனிட் திரும்பக் கிடைக்கும். அதே மின்பாதையில் இன்னொரு கிரேன் அந்த நொடியில் தூக்கிக்கொண்டிருந்தால் அது பயன்படும். பழைய கிரேன்களில் மின்தடையில் (ரெசிஸ்டர்) எரிந்து வெறும் சூடாகிவிடும். சிறிய பேட்டரி வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் துறைமுகத்தில் இல்லை என்பேன்.

பலகை பராமரிப்பில் பெரிய வித்தை ஏதுமில்லை. உப்பு, நிலக்கரித் தூள், பறவை எச்சம் மூன்றையும் வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் வெள்ளைக் கறை விடும்.

பாலக்கோட்டிலோ ஓசூரிலோ வீட்டுக்கூரையில் பலகை வைத்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: ஊரில் கரண்ட் போனால், வெயில் கொளுத்தினாலும் சாதாரண இன்வெர்ட்டர் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. துறைமுகத்திலும் அதே கதைதான். தனித்து மின்தொடரை உருவாக்கும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இல்லாவிட்டால், நட்டநடுப் பகலில் குளிர்பெட்டிகளுக்கு டீசல் ஜெனரேட்டரைத்தான் கிளப்ப வேண்டும்.