ஏரியில் ஏறும் கப்பல்கள்

நேயர்களுக்கு வணக்கம். சரக்குக் கப்பல் என்றதும் கடல்தான் கண்முன் வரும். இன்று நான் பேச வந்திருப்பது ஓர் ஏரியைப் பற்றி.

அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்க 1914இல் திறக்கப்பட்ட பனாமா கால்வாய், கடல்நீர் ஓடும் வாய்க்கால் என்றே பலரும் நினைத்திருக்கிறோம். அப்படி இல்லை. சாக்ரஸ் ஆற்றை மறித்து உண்டாக்கிய காட்டூன் ஏரி அதன் நடுவே, கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. கப்பல் அந்த ஏரிக்கு ஏறித்தான் மறுகடலில் இறங்க வேண்டும். கதவு போட்ட தொட்டிக்குள் கப்பலை விட்டு, கதவைச் சாத்தி, ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் எழும்புகிறது. பம்பு எதுவும் கிடையாது. மேட்டுநீர் பள்ளத்துக்குப் பாய்வதுதான் விசை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் ஒரு கப்பல் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போய்விடும். நாட்டில் பாதிப்பேருக்கு மேல் குடிப்பதும் இந்த நீர்ப்பிடிப்பின் தண்ணீரைத்தான்.

2023இல், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோவால் மழை பொய்த்தது. நாளுக்கு 36 கப்பல் போன இடத்தில், டிசம்பரில் 22தான் போயின. கப்பலின் அடிப்பகுதி 50 அடி ஆழம் வரை அமிழலாம் என்றிருந்ததை 44 அடியாகக் குறைத்தார்கள். அதாவது, பாரத்தைக் குறைத்துக்கொண்டு வா என்று பொருள். அதே மாதங்களில், இன்னொரு பெரிய வழியான சூயஸ் கால்வாய்க்குப் போகும் செங்கடலிலும் கப்பல்கள்மீது தாக்குதல்கள். சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிய கப்பல்கள் கூடுதலாக எரித்த எண்ணெயெல்லாம் புகையாகத்தானே போனது?

பனாமாவில் அப்போது கைகொடுத்தது கால்வாயைவிட மூத்த ஒரு ரயில்பாதை. 1855இல் போட்டது, சுமார் 80 கிலோமீட்டர். 2024 ஜனவரியில் மேர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனம் தன் ஒரு தடத்தின் கன்டெய்னர்களை இந்தக் கரையில் இறக்கி, ரயிலேற்றி, அந்தக் கரையில் வேறு கப்பலில் ஏற்றியது. ஒரு வழி அடைபட்டால் பக்கத்திலேயே இன்னொரு வழி. துறைமுகங்களை இணைப்பது என்றால் இதுதான்.

2016இல் கட்டிய புதிய தொட்டிகள், ஒருமுறை பயன்படுத்திய நீரில் 60 சதவீதத்தைப் பக்கத்தில் பிடித்துவைத்து மறுபடி எடுத்துக்கொள்கின்றன. அதுவும் போதவில்லை என்று, இப்போது இந்தியோ ஆற்றில் அணை கட்டத் திட்டமிடுகிறார்கள். அது வந்தால் கரையோர உழவர்களின் ஊர்கள் மூழ்கும். அவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், கப்பல்களின் எண்ணிக்கையைப் பேசும் கூட்டத்தில் முதல் நாற்காலி அவர்களுக்குத்தான்.

நன்றி, வணக்கம்.