கம்ப்யூட்டருக்கு மனசு எதற்கு?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம், அவர்களுக்கு மீதியைப் பிறகு தருகிறேன்.

தண்டனை முடிந்து, பல வருடம் வேறு வம்பில்லாமல் இருந்தவரின் குற்றப்பதிவை, அவர் மனுப் போடாமலே, வெளியார் கண்ணில் படாதபடி தானாகவே மூடிவிடுவது நீதியா, ஆபத்தா? நீதியே என்று பேச வந்திருக்கிறேன். அமெரிக்காவில் 2018இல் பென்சில்வேனியா இதை முதலில் சட்டமாக்கியது. சட்டப்பிரிவுகளை எங்கள் அணித்தலைவர் சொல்லிவிட்டார். எனக்கு ஓர் ஆள் போதும்.

மிச்சிகன் மாநிலத்தில் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயதில் கடையில் ஒரு ஜோடி ஷூ திருடினார். மாட்டினார். அபராதம் கட்டினார். வேலை கேட்டுப் போனால், இவர் போய்ச் சேருவதற்குள் அந்த ஷூ முன்னால் போய் நிற்கிறது. வாடகைக்கு வீடு கேட்டாலும் ஷூதான் கதவைத் திறக்கிறது.

சரி, பதிவை நீக்கச் சொல்லி மனுப் போடுவோம் என்று கோர்ட்டுக்குப் போனார். "தண்டனைக்குச் சான்றிட்ட நகல் கொண்டு வாங்க." கொண்டுபோனார். "கைரேகை கொடுங்க." எதற்கு? அந்தத் திருடன் நீங்கள்தானா என்று பார்க்க! கவனியுங்கள் நடுவரே. திருடன் என்ற பெயரை அழிக்கப் போன மனுஷன், முதலில் "சத்தியமாக நான்தான் அந்தத் திருடன், வேறு யாருமில்லை" என்று நிரூபிக்க வேண்டும். திருடன் பட்டத்தை யாராவது போட்டி போட்டு வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? அப்புறம் கட்டணம். அப்புறம் அரசு வழக்கறிஞருக்கு ஒரு நகல். அப்புறம் விசாரணை நாள். அதற்கு லீவு வேண்டுமே! முதலாளி, "எதுக்கு லீவு?" என்பார். "பழைய திருட்டை மூடப் போறேன் சார்" என்றா சொல்வார்?

நான் கதை விடுகிறேன் என்று எதிரணி அம்மையார் தலையாட்டுகிறார். ஆள்தான் கற்பனை, அலைச்சல் கற்பனையில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி வந்து ஐந்து வருடத்துக்குள் பதிவை நீக்கிக்கொண்டவர்கள் 6.5 சதவீதம்தான். அதே வருடம் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2023 ஏப்ரல் முதல் கம்ப்யூட்டரே தேடி எடுத்து மூடுகிறது: சிறு குற்றங்களுக்கு 7 வருடம் கழித்து, சில பெரிய குற்றங்களுக்கு 10.

இதற்குத்தான் அம்மையார் ஒரு போடு போட்டார்: "மன்னிக்கிறதுக்குக் கம்ப்யூட்டருக்கு மனசு இருக்கா?" நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா, வேலைக்கு வந்தவர் பெயரைத் தட்டியதும் பழைய வழக்கைத் துப்பி, "இவர் வேண்டாம்" என்று ஒதுக்க வைத்தது யார்? அதே கம்ப்யூட்டர்தானே! அப்போது யாராவது மனசு இருக்கா என்று கேட்டீர்களா? பிடித்து வைக்கும்போது தேவைப்படாத மனசு, விடும்போது மட்டும் எதற்கு? அது மன்னிக்கவே வேண்டாம். வருடத்தை எண்ணத் தெரிந்தால் போதும். தண்டனையை நீதிபதி கொடுத்தார், இவர் அனுபவித்து முடித்தார், இதில் மன்னிக்க மிச்சம் என்ன இருக்கிறது?

கொலைகாரனும் நழுவிவிடுவான் என்றும் பயமுறுத்தினார். கொடுங்குற்றங்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மூடிய பதிவையும் போலீசும் கோர்ட்டும் பார்க்கலாம். இன்னும் இரண்டு வாதம் வைத்திருந்தேன், மணி அடித்துவிட்டார்கள். போகட்டும்.

மனுவோடு அலைந்த அந்த மனுஷனுக்கு எட்டு வயதில் ஒரு மகள். பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணையாகப் பெற்றோர் வரலாம் என்று படிவம் கொண்டுவருகிறாள். அதில் குற்றப்பின்னணி பார்க்கச் சம்மதம் கேட்டு ஒரு கையெழுத்து. "அப்பாவுக்கு அன்னைக்கு வேலை இருக்கும்மா." அடுத்த வருடமும் அதே படிவம், அதே பதில். சிநேகிதிகளின் அப்பாக்கள் எல்லாம் பஸ்ஸில் இருக்கிறார்கள். தன்னோடு வர அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். இல்லை என்று சொல்ல அவரால் முடியாது, சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும்.

அவர் ஷூவைத் திருடியபோது இந்தக் குழந்தை பிறக்கவே இல்லை ஐயா. இவளுக்குத் தண்டனை கொடுத்தது எந்த நீதிபதி? எத்தனை வருடம்? அடுத்துப் பேச எதிரணித் தலைவர் வருகிறார். வாதமெல்லாம் அப்புறம் இருக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒரு பதில் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும். வணக்கம்.