முப்பது வயதில் படித்த வெறுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஹிட்லர் என்று பேச்சு வந்தாலே ஒரு கதையும் கூடவே வந்துவிடும். வியன்னாவில் ஓவியம் படிக்கப் போனான், யூதப் பேராசிரியர்கள் இடம் கொடுக்கவில்லை, அந்தக் கோபத்தில்தான் இப்படி ஆனான், அன்றைக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தால் உலகப் போரே நடந்திருக்காது என்று. வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிற கதை இது. எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வரும். 60 லட்சம் யூதர்களைக் கொன்ற பழியில் ஒரு பங்கைச் செத்தவர்கள் தலையிலேயே ஏற்றிவிடுகிற கதை இது, சொல்பவர்களுக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லாவிட்டாலும்கூட. அதனால் இன்றைக்கு அவனுடைய முதல் 30 வருஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எது எப்போது நடந்தது என்று பார்க்கலாம்.

1889 ஏப்ரல் 20, ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் பிரவ்னாவ் என்ற சின்ன ஊரில் பிறந்தான். அப்பா அலோய்ஸ் சுங்க அதிகாரி. அம்மா கிளாரா அவருக்கு மூன்றாவது மனைவி, 23 வயது இளையவர். இவனுக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் சின்ன வயதிலேயே இறந்துபோனதால் அம்மா இவனைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். அப்பா கை நீட்டுகிறவர். போருக்குப் பிறகு தங்கை பவுலா அமெரிக்க அதிகாரிகளிடம் பேசும்போது, அடோல்ஃப் எதிர்த்து எதிர்த்துப் பேசுவான், தினமும் அடி வாங்குவான் என்று சொல்லியிருக்கிறார். 1900-இல் தம்பி எட்மண்ட் அம்மை நோயில் இறந்தான். அதுவரை நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் அதே வருஷம் லின்ஸ் நகரத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய் முதல் வருஷமே தோற்றான்.

இதெல்லாம் உண்மைதான். அந்தச் சிறுவனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று யோசியுங்கள், அந்தக் காலத்து ஆஸ்திரியாவில் அப்பாவிடம் அடி வாங்காத பையன் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அப்பாவின் பெயரையே வைத்திருந்த மூத்தாள் மகன் அலோய்ஸ் 14 வயதில் வீட்டை விட்டே ஓடிப்போனான். அவன் எந்த இனத்தையும் அழிக்கக் கிளம்பவில்லை. அப்புறம் அந்த அப்பா யூத வெறுப்பாளரும் இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை யூதன் என்ற சொல்லையே வீட்டில் கேட்ட ஞாபகம் இல்லை என்று ஹிட்லரே தன் 'மைன் காம்ஃப்' புத்தகத்தில் எழுதியிருக்கிறான்.

லின்ஸ் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வேறொன்று ஒட்டிக்கொண்டது. அப்போதைய ஆஸ்திரியா-ஹங்கேரி பல மொழிகள் பேசுகிற மக்கள் சேர்ந்திருந்த பேரரசு. 1897-இல் பிரதமர் படேனி, இன்றைய செக் நாட்டுப் பகுதிகளான பொஹீமியாவிலும் மொராவியாவிலும் அரசு ஊழியர்களுக்குச் செக், ஜெர்மன் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆணை போட்டார். செக் படித்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மனும் படித்திருந்தார்கள், ஜெர்மானியர்கள் செக் படிக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் தெருவில் இறங்கினார்கள், படேனி அந்த வருஷமே பதவி இழந்தார். அந்தச் சூடு லின்ஸில் ஆறவே இல்லை. பையன்கள் 'ஹைல்' சொல்லிக் கும்பிடு போட்டார்கள், பேரரசரைக் கிண்டல் செய்தார்கள், நம் தேசம் ஜெர்மனிதான் என்றார்கள். வரலாற்று ஆசிரியர் லியோபோல்ட் போட்ச் வகுப்பில் ஜெர்மானியப் பெருமை பேசுவார், அவர் பேசப் பேசக் கண்ணில் நீர் வரும் என்று பிறகு ஹிட்லர் உருகி உருகி எழுதியிருக்கிறான். ஆக, ஜெர்மன் இன வெறிக்கு விதை பள்ளியில் விழுந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அதே வகுப்பில், அதே பாடத்தைக் கேட்டவர்கள் அத்தனை பேர்.

1903-இல் அப்பா இறந்தார். 1905-இல் படிப்பை விட்டான். அடுத்த இரண்டு வருஷம் அம்மாவின் காசில் ஓபரா பார்த்தான், படம் வரைந்தான், ஊர் முழுக்க எப்படி இடித்துக் கட்டலாம் என்று நண்பன் குபிசெக்கிடம் மணிக்கணக்காகப் பேசினான். எந்த வேலைக்கும் போகவில்லை. அவனுடைய குணம் என்று நான் நினைப்பது இங்கேதான் தெரிகிறது. உழைக்க மாட்டான், ஆனால் பெரியவனாக வேண்டும், ஆகாவிட்டால் தப்பு அடுத்தவர் மேல். 1907 அக்டோபரில் வியன்னா நுண்கலைக் கழகத் தேர்வில் தோற்றான். பதிவேட்டில் எழுதியிருப்பது ரொம்பச் சின்னக் குறிப்பு, மாதிரி ஓவியம் போதாது, மனிதத் தலைகள் குறைவு. அவனுக்குக் கட்டடம் வரைய வந்தது, மனிதர்களை வரைய வரவில்லை, அவ்வளவுதான். தோற்ற விஷயத்தைக் கூட ஒரே அறையில் தங்கியிருந்த குபிசெக்கிடம் மாதக்கணக்கில் மறைத்தான். மறு வருஷமும் இடம் கிடைக்காதபோது, ஒரு வார்த்தை சொல்லாமல் அறையைக் காலி செய்துகொண்டு காணாமல் போனான்.

இடையில் 1907 டிசம்பர் 21-இல் அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தார். வைத்தியம் பார்த்தவர் எடுவார்ட் ப்ளோக், யூதர். இவர் தப்பான வைத்தியம் பார்த்ததால்தான் யூதர்கள் மேல் வெறுப்பு வந்தது என்று இன்னொரு கதையும் உண்டு. நடந்தது நேர் எதிர். ஹிட்லர் அவருக்கு நன்றி சொன்னான், வியன்னாவிலிருந்து தன் கையால் வரைந்த வாழ்த்து அட்டை அனுப்பினான். 1938-இல் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்தபோது லின்ஸில் அந்த ஒரு டாக்டருக்கு மட்டும் தனிச் சலுகை கிடைத்தது. 1940-இல் அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

சரி, வியன்னா. இங்கேதான் யூத வெறுப்பைக் கற்றேன் என்று அவன் புத்தகத்தில் சொல்கிறான். அந்த ஊரில் அதைக் கற்க வசதி நிறையவே இருந்தது. 20 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் சுமார் 1,75,000 யூதர்கள். 1897 முதல் 1910 வரை மேயராக இருந்த கார்ல் லூகர் கைவினைஞர்கள், சில்லறைக் கடைக்காரர்களின் எல்லாக் கஷ்டத்துக்கும் யூதர்தான் காரணம் என்று சொல்லிச் சொல்லியே ஓட்டு வாங்கினார். ஜெர்மன் தேசியவாதி ஷோனரரைத் தொண்டர்கள் 'ஃப்யூரர்', அதாவது தலைவர், என்று அழைத்தார்கள். பட்டமும் வணக்கமும் கூட்டத்தை மயக்கும் வித்தையும் எங்கிருந்து வந்தன என்று தேட வேண்டியதே இல்லை. கையில் கிடைத்த மலிவுப் பத்திரிகையெல்லாம் படித்து அவன் இதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அவன் அன்றாடம் யாரோடு பழகினான் என்று பாருங்கள். 1909 கடைசியில் காசெல்லாம் தீர்ந்து வீடற்றோர் விடுதிக்குப் போய், 1910 தொடக்கத்திலிருந்து மெல்டெமன் தெருவில் இருந்த ஆண்கள் விடுதியில் மூன்று வருஷத்துக்கு மேல் தங்கியிருந்தான். அங்கே அவனுக்கு நெருங்கிய நண்பர்களில் ஒருவர் யோசெஃப் நோய்மன் என்ற யூதர். படங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் யாகோப் ஆல்டன்பெர்க், கண்ணாடிச் சட்டக் கடை வைத்திருந்த சாமுவேல் மோர்கன்ஸ்டெர்ன். இரண்டு பேருமே யூதர்கள். மோர்கன்ஸ்டெர்ன் அவனை ஏமாற்றாமல் நியாயமான விலை கொடுத்தவர். 1938-இல் நாஜிகள் கடையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, அந்தப் பழைய பழக்கத்தை நம்பி ஹிட்லருக்கே கடிதம் எழுதினார். அது அவன் கைக்குப் போகவில்லை. 1941-இல் மனைவியோடு அவரைப் போலந்தில் யூதர்களை அடைத்து வைத்த வுட்ச் சேரிக்கு ஏற்றி அனுப்பினார்கள், அங்கேயே 1943-இல் இறந்தார். வியன்னாவில் இருக்கும்போதே வெறுப்பு முற்றியிருந்தால் இந்த உறவுகள் எப்படி நடந்திருக்கும்?

1913-இல் கட்டாய ராணுவச் சேவைக்குப் பயந்து மியூனிக்குக்கு ஓடினான். மறு வருஷம் முதல் உலகப் போர் வந்ததும் அதே ஆள் ஜெர்மனியின் பவேரியப் படையில் தானாகப் போய்ச் சேர்ந்தான். ஆஸ்திரியாவுக்காகச் சண்டை போட மாட்டான், ஜெர்மனிக்காகப் போடுவான். 25 வயதில் முதல் முறையாக அவனுக்குச் சாப்பாடு, சீருடை, வேலை, மரியாதை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. தகவல் கொண்டு ஓடும் சிப்பாயாக வேலை பார்த்தான், காயம் பட்டான், பதக்கம் வாங்கினான். 1918 ஆகஸ்டில் முதல் வகுப்பு இரும்புச் சிலுவைக்கு அவன் பெயரைப் பரிந்துரைத்தவர் ஹூகோ குட்மன், அவரும் யூத அதிகாரி. 1915-இல் போர்முனையிலிருந்து எழுதிய கடிதத்தில் உள்நாட்டில் அந்நியத்தனம் ஒழிய வேண்டும் என்று ஆவேசப்படுகிறான். அதில் யூதர் என்ற பேச்சே இல்லை.

1918 அக்டோபரில் நச்சுவாயு தாக்கிப் பார்வை மங்கிப் பாஸ்வால்க் மருத்துவமனையில் கிடந்தபோது ஜெர்மனி தோற்ற செய்தி வந்தது. அங்கேயே அரசியலுக்கு வர முடிவெடுத்தேன் என்று பின்னால் எழுதினான். அப்படி முடிவெடுத்தவன் செய்த காரியம் இதுதான், மியூனிக் திரும்பிப் படைமுகாமிலேயே உட்கார்ந்துகொண்டான். ஊரை ஆண்டது புரட்சி அரசு, அதன் தலைவர் குர்ட் ஐஸ்னர் யூதர், சோஷலிஸ்ட். ஐஸ்னரைச் சுட்டுக் கொன்ற பிறகு 1919 ஏப்ரலில் ரஷ்யாவைப் போலவே இங்கேயும் சோவியத் குடியரசு என்று அறிவித்தார்கள். அப்போதும் ஹிட்லர் முகாமை விட்டுப் போகவில்லை, சிப்பாய்களின் பிரதிநிதியாகத் தேர்தலில் ஜெயிக்கக்கூடச் செய்தான். வேலை போனால் தெருவுக்கு வர வேண்டும், அதனால் யார் ஆண்டாலும் இருந்தான். மே மாதம் வலதுசாரிப் படைகள் புகுந்து அந்த அரசை ரத்தத்தில் முடித்ததும் இவன் உடனே விசாரணைக் குழுவில் சேர்ந்து கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்தான்.

இந்த இடத்தில்தான் கார்ல் மேயர் என்ற கேப்டன் வருகிறார். சிப்பாய்கள் கம்யூனிசத்தின் பக்கம் போகாமல் இருக்க ராணுவமே பிரச்சாரப் பயிற்சி நடத்தியது, அவர்தான் பொறுப்பு. 1919 ஜூனில் ஹிட்லரை மியூனிக் பல்கலைக்கழகத்தில் நடந்த வகுப்புக்கு அனுப்பினார். எஜமானைத் தேடி அலையும் களைத்த தெருநாய் போல இருந்தான், யார் அன்பு காட்டினாலும் போயிருப்பான் என்று மேயர் பின்னாளில் சொன்னார். வகுப்பில் போர் ஏன் தோற்றது, வட்டிக்கொடுமை, பொல்ஷெவிசம் என்ற ரஷ்யக் கம்யூனிசம் என்றெல்லாம் பாடம். அதே ஜூன் கடைசியில், தோற்ற ஜெர்மனி மேல் கடும் நிபந்தனைகள் போட்ட வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகஸ்டில் லெக்ஃபெல்ட் முகாமில் இவனைப் பேச வைத்தார்கள், கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். முப்பது வருஷமாக எதிலும் தேறாத ஒருவனுக்கு ஒரு திறமை இருக்கிறது என்று தெரிந்த நாள் அது. எந்த வரியில் கைதட்டல் கூடுதலாக வருகிறது என்றும் அங்கேதான் தெரிந்தது. செப்டம்பர் 12-இல், பின்னாளில் நாஜிக் கட்சியாக மாறிய ஒரு குட்டிக் கட்சியை வேவு பார்க்கப் போய் அதிலேயே சேர்ந்தான். நாலு நாள் கழித்து, மேயர் சொல்லி, யூதர்களைப் பற்றிக் கேட்டிருந்த கெம்லிக் என்பவருக்கு எழுதிய பதிலில் யூதர்களை முற்றிலும் அகற்றுவதே இறுதி நோக்கம் என்கிறான். யூதர்களைப் பற்றி அவன் கொள்கையாக எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் காகிதம் அதுதான். வயது 30. சம்பளம் ராணுவத்தினுடையது. அந்த மேயர் பிறகு மனம் மாறி நாஜிகளை எதிர்த்து, பிரான்சுக்குத் தப்பிப் போய், கடைசியில் பிடிபட்டு 1945-இல் புக்கன்வால்ட் நாஜி வதைமுகாமில் இறந்தார்.

அடிபட்ட பிள்ளைப் பருவம் அவனுக்குக் கோபத்தையும் வறட்டுப் பிடிவாதத்தையும் கொடுத்திருக்கலாம். கொள்கையைக் கொடுத்தது பெரியவர்கள், பதவியில் இருந்தவர்கள், திட்டம் போட்டு, வகுப்பு வைத்து. அதைக் கேட்டுக் கைதட்டத் தோல்வியின் அவமானத்தில் ஓர் ஊரே தயாராக இருந்தது. இதைப் பேசாமல் ஓவியக் கல்லூரியைப் பேசுவது எனக்கு ஏற்புடையதாகவே இல்லை.

ஓவியக் கல்லூரி, வியன்னாத் தெரு, கண் தெரியாத படுக்கை என்று இந்தக் கதையைக் கோத்தது அவனேதான். 1923-இல் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்று, லாண்ட்ஸ்பெர்க் சிறையில் உட்கார்ந்து எழுதி, 1925-இல் முதல் பாகத்தை வெளியிட்டான். தலைவன் என்று தன்னை விற்கிறவனுக்கு, ராணுவச் சம்பளத்தில் படித்தேன் என்று சொல்ல முடியாது, பட்டினியில் கிடந்து நானே கண்டுபிடித்தேன் என்றால்தான் எடுபடும். 1938-இல் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் அவன் ராணுவச் சேவைக்கு டிமிக்கி கொடுத்த பழைய கோப்பைத் தேடி லின்ஸில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ அலைந்தது, ப்ளோக்கிடம் இருந்த வாழ்த்து அட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு போனது. அந்தப் புத்தகம் இன்றைக்கும் நம் ஊர் நடைபாதைக் கடைகளில் தன்னம்பிக்கைப் புத்தகங்களோடு சேர்த்து அடுக்கியிருக்கிறது. வாங்கிப் படிக்கிற இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், அதில் வரும் வியன்னா அத்தியாயத்தை வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது தேர்தல் துண்டறிக்கை.

நன்றி, வணக்கம்.