கருநிற மணப்பெண்ணுக்கு வீட்டிலேயே முகூர்த்த ஒப்பனை: குறைந்த செலவில், முகம் சாம்பல் பூக்காமல்

[காட்சி: ஜன்னலோரத்தில் ஒரு முகக்கண்ணாடி. அருகில் ஒரு எவர்சில்வர் தட்டில் ஏழெட்டு அழகுப்பொருள்கள்.]

வணக்கம். என் அக்காவின் திருமண ஆல்பத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு குறை கண்ணில் படும். அவளுடைய கைகளும் கழுத்தும் நல்ல கருநிறம். முகம் மட்டும் திருநீற்றைக் குழைத்துப் பூசியதுபோல் வெளிறிக் கிடக்கும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, பார்லரிலிருந்து வந்தவருக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து அவள் பெற்ற முகம் அது. "உங்களை ரெண்டு ஷேடு கலராக் காட்டியிருக்கேன்" என்று அந்தப் பெண்மணி பெருமையோடு சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தை அவள் விருந்தினர் எவருக்கும் எடுத்துக் காட்டி நான் பார்த்ததே இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து என் திருமணம் வந்தபோது, என் முகத்துக்கு நானே ஒப்பனை செய்துகொள்வதென்று முடிவு செய்தேன். எனக்கு ஆன செலவு 2,300 ரூபாய். அப்போது நான் பழகிக் கற்றவற்றை இந்த வீடியோவில் உங்களுக்குச் சொல்கிறேன்.

[காட்சி: கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி, உலர்ந்த துணியால் துடைக்கும் கை.]

முகம் ஏன் சாம்பல் பூக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். கரும்பலகையில் எழுதியதை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். பலகை வெளுப்பதில்லை, சாம்பல் நிறமாகத்தான் மாறுகிறது. முகத்துக்கு அடிப்பூச்சாகப் போடும் வெளிர்நிற ஃபவுண்டேஷன்களில் டைட்டேனியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறையக் கலந்திருக்கும். அதை மெல்லிய படலமாக நம் தோலின் மேல் பூசினால் அங்கும் அதேதான் நடக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா நிறத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் நிறமியின் அளவிலும் வகையிலும்தான் வேறுபாடு இருக்கிறது. நம் தோலுக்கு அந்த நிறமி தரும் செம்பும் பொன்னும் கலந்த ஒளியை வெள்ளைப் படலம் மூடிவிடுகிறது. அக்காவின் முகத்தில் நிகழ்ந்தது இதுவே. சூரிய ஒளித்தடுப்பு சேர்ந்த கிரீம்களையும் ஃபவுண்டேஷன்களையும் முகூர்த்தத்தன்று தவிர்க்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம்; அவற்றில் பலவற்றில் உள்ள டைட்டேனியம் டையாக்சைடும் துத்தநாக ஆக்சைடும் கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, நேரில் நன்றாகத் தெரிந்த முகத்தையும் படத்தில் வெளுப்பாக்கிவிடும்.

ஆகவே உங்கள் நிறத்தில் உள்ள ஃபவுண்டேஷனைக் கண்டுபிடித்துவிட்டால் முக்கால் பங்கு வேலை முடிந்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன். நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும் கருத்திருக்கும், கன்னம் சற்று வெளிறியிருக்கும், கழுத்து இரண்டுக்கும் இடைப்பட்டிருக்கும். கடையில் புறங்கையில் தடவிப் பார்ப்பது நம்மை ஏமாற்றிவிடும். தாடையிலிருந்து கழுத்துவரை மூன்று நிறங்களை மூன்று கோடுகளாக இழுத்துக்கொண்டு, கடையின் டியூப்லைட்டை விட்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து, கால்மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். பொறுக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு: காற்றும் முகத்தின் எண்ணெயும் பட்டபின் பல ஃபவுண்டேஷன்கள் சற்று அடர்ந்து நிறம் மாறுகின்றன. எந்தக் கோடு கழுத்தோடு கலந்து மறைந்துபோகிறதோ அதுவே உங்களுடையது.

ஒரே அடர்த்தியுள்ள ஃபவுண்டேஷன்களிலும் மஞ்சள் ஓட்டம் (அடியில் தெரியும் சாயல்) உள்ளவை, செம்பு ஓட்டம் உள்ளவை எனப் பிரிவுகள் இருக்கின்றன. மணிக்கட்டு நரம்பின் நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வழி, நரம்பே தெளிவாகத் தெரியாத நம் தோலுக்கு அவ்வளவாக உதவுவதில்லை; இரண்டையும் தடவிப் பார்ப்பதே நம்பகமானது. 2017 செப்டம்பரில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 நிறங்களில் ஃபவுண்டேஷனைக் கொண்டுவந்தபோது அது உலகெங்கும் பேசப்பட்டது. அடர்நிறத் தோலுக்கு அதுவரை எவ்வளவு குறைவாகக் கிடைத்தது என்பதற்கு அந்தப் பேச்சே சான்று. இப்போது விலை குறைந்த இந்தியத் தயாரிப்புகளிலும் அடர்நிறங்கள் வருகின்றன. ஆனால் சிறு ஊர்க் கடைகளில் வெளிர்நிறங்களையே அடுக்கி வைத்திருப்பார்கள். சரியான நிறம் அமையாவிட்டால், உங்களைவிட ஒரு படி அடர்ந்த ஒன்றையும் ஒரு படி வெளிர்ந்த ஒன்றையும் வாங்கிக் கையிலேயே குழைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

[காட்சி: நாள்காட்டி. முகூர்த்த நாள் வட்டமிடப்பட்டுள்ளது.]

இப்போது, திருமணத்துக்கு முந்தைய வாரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியைத் தயவுசெய்து கடந்து போய்விடாதீர்கள். 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2009-இல், சென்னையின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கிவிட்டது. இருந்தும், நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே பெண்ணின் கையில் ஏதோ ஒரு வெளுக்கும் கிரீமைக் கொண்டுவந்து திணிக்கும் உறவினர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மருந்துச் சீட்டில்லாமல் விற்கப்படும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். தொடக்கத்தில் முகம் பளிச்சென்று தெரியும்; நாளடைவில் தோல் மெலிந்து, பருக்களும் மெல்லிய மயிரும் தோன்றும்; நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் கிளம்பும். பெயர் விவரம் ஒழுங்காக இல்லாத சில கிரீம்களில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. தங்கைகளே, யார் அன்போடு கொடுத்தாலும் அவற்றை முகத்தில் போடாதீர்கள்.

எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் போனால் பட்ட இடம் கொப்பளித்துக் கருக்கும். ப்ளீச் செய்வதும் நமக்குப் பொருந்தாது; முகத்தின் பூனைமயிர் பொன்னிறமாகி, கருத்த கன்னத்தில் வெளிச்சம் படும்போதெல்லாம் தனித்து மினுங்கும், அதன்மேல் பூசும் ஃபவுண்டேஷனும் திட்டுத்திட்டாக நிற்கும். த்ரெட்டிங்கை நான்கு நாள்கள் முன்னதாகவே முடித்துவிடுங்கள். புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொருளையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள்கள் கவனியுங்கள்.

நலங்கைப் பற்றி ஒரு சொல். நலங்கு மஞ்சள் முகத்தில் ஊறினால் மறுநாள் காலையில் நிறமே மாறித் தெரியும், நாம் தேடித் தேடிப் பொருத்திய ஃபவுண்டேஷன் பொருந்தாமல் போகும். அத்தைமார்களிடம் முன்பே சொல்லி, கன்னத்தில் தொட்டு வைக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளச் செய்யலாம். மிஞ்சிய மஞ்சளைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, கடலை மாவால் கழுவினால் பெரும்பகுதி போய்விடும்.

[காட்சி: அதிகாலை. நைட்டியில் அமர்ந்திருக்கும் மணப்பெண், உதவிக்கு ஒரு தோழி.]

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் நான்கு மணிக்கு உட்காருங்கள். முகத்தைக் கழுவி, ஈரப்பதம் தரும் கிரீமை மெல்லத் தடவி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். உலர்ந்த தோலும் சாம்பலாகத்தான் தெரியும் என்பதால் இதைச் சுருக்கிவிடக் கூடாது.

அடுத்தது கருவளையம். நம் தோலில் கண்ணுக்குக் கீழே உள்ள நிழல் நீலமும் பழுப்பும் கலந்தது. கருமையை மறைக்கும் கிரீமான கன்சீலரை வெளிர்நிறத்தில் நேராக அதன்மேல் பூசினால் மறுபடியும் கரும்பலகைக் கதைதான். நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு. எனவே முதலில், கருமையின் நிறத்தைச் சமன்செய்யும் ஆரஞ்சு நிறக் கரெக்டரை மிகக் குறைவாக, விரல்நுனியால் ஒற்றி ஒற்றிப் பரப்ப வேண்டும். வாயைச் சுற்றிய கருமைக்கும் இதுவே வழி. தனியாகக் கரெக்டர் வாங்க முடியாதவர்கள் செங்கல் ஆரஞ்சு நிறத்தில் பளபளப்பில்லாத லிப்ஸ்டிக்கைப் பயன்படுத்துவதுண்டு. அது வாயைச் சுற்றிப் பூச நன்றாகவே உதவும். கண்ணருகே இமைமயிரை நெருங்காமல், ஏற்கெனவே பூசிப் பார்த்து ஒத்துக்கொண்டால் மட்டுமே போடுங்கள்.

பிறகு ஃபவுண்டேஷன். நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பான்ஜால் முகத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றுங்கள். ஒரே தடவையாகக் கனமாகப் பூசாமல், இரண்டு மெல்லிய பூச்சாகப் போடுங்கள். காதுகளை மறந்துவிடாதீர்கள். நிறம் சரியாக அமைந்துவிட்டால் கழுத்துக்குப் பூசவே தேவையில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த சேமிப்பு, ஏனென்றால் ஃபவுண்டேஷன் பாதியாக மிச்சமாவதோடு, பட்டுப்புடவையின் கரையிலும் ரவிக்கையின் கழுத்திலும் கறை படிவதில்லை. தாலி கட்டும்போது புகைப்படக்காரர்கள் பின்னாலிருந்தும் எடுப்பார்கள். முகத்தை மட்டும் வெளுத்துக்கொண்டவர்களுக்குப் பிடரி அங்கே காட்டிக்கொடுத்துவிடும்; நமக்கு அந்தக் கவலை இல்லை.

பவுடர் விஷயத்தில் கை அடங்கியிருக்க வேண்டும். எந்த நிறத்துக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் வெள்ளைப் பவுடர்கள் நம் மேல் வெள்ளையாகவே நிற்கின்றன. உங்கள் நிறத்திலேயே உள்ள காம்பாக்டை (டப்பாவில் வில்லையாக அழுத்தி வைத்த பவுடரை) எடுத்து, மூக்கு, நெற்றி, முகவாய் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் அழுத்தி வையுங்கள்.

[காட்சி: அரக்கு நிறப் பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையை ஒட்டி, கண்ணுக்கான செம்பு நிறத் தூள்.]

நிறங்களுக்கு வருவோம்; கருநிறத்தின் செல்வமே இங்கேதான் இருக்கிறது. ஜரிகையின் பழம்பொன், செம்பு, வெண்கலம் ஆகியவை நம் இமையில் அமர்வதுபோல் வேறெங்கும் அமர்வதில்லை என்பது என் கருத்து. வெள்ளியும் வெள்ளை மினுக்கும் வேண்டாம். கன்னத்துக்கு வெளிர் ரோஜா நிறம் சுண்ணாம்புபோலத் தெரியும். மாதுளை, செங்கல், நாவற்பழம் போன்ற அடர்ந்த நிறங்கள் இரத்த ஓட்டம்போல இயல்பாகத் தெரியும். இதற்குத் தனிப் பொருள் வேண்டியதில்லை. உதட்டுக்கு வாங்கிய அரக்கு நிற லிப்ஸ்டிக்கையே இரண்டு புள்ளி வைத்து விரலால் கரைத்துவிடலாம்.

நம்மில் பலருக்கு மேலுதடு கீழுதட்டைவிடக் கருத்திருக்கும். ஃபவுண்டேஷன் ஒட்டிய ஸ்பான்ஜின் மிச்சத்தை மேலுதட்டில் ஒற்றிவிட்டு லிப்ஸ்டிக் போட்டால் இரண்டும் ஒரே நிறமாகும். பூசிய பின் டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி, மீண்டும் ஒரு முறை பூசினால் சாப்பாட்டுப் பந்தி வரை தாங்கும்.

கண்மையும் மஸ்காராவும் நீரில் கரையாதவையாக இருப்பது இன்றியமையாதது. ஹோமப் புகை ஒரு புறம், கன்னிகாதானத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்கும் அந்த நொடி ஒரு புறம். கண் கலங்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. புருவத்துக்கு அட்டைக்கருப்பைவிட அடர்பழுப்பே மென்மையாகத் தெரியும்.

ஒட்டுப்பொட்டில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சில பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் உண்டு. நாள்கணக்கில் வைத்துக்கொண்டால் சிலருக்கு அந்த இடத்தில் நிறமி அழிந்து வெண்புள்ளி விழும், அது கருநிறத்தில் தூரத்திலிருந்தே தெரியும். முகூர்த்தத்துக்கு ஒரு நாள் வைப்பதில் அச்சம் அதிகமில்லை என்றாலும், இரவில் அதோடு உறங்காதீர்கள். அரிப்பு எடுத்தால் அப்போதே எடுத்துவிட்டுக் குங்குமத்துக்கு மாறுங்கள்.

[காட்சி: இருட்டறை. கைப்பேசி ஃபிளாஷில் எடுத்த இரண்டு படங்கள் அருகருகே.]

இவை அனைத்தையும் இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு முறையாவது முழுமையாகச் செய்து பாருங்கள். அறையின் விளக்கை அணைத்து, கைப்பேசியின் ஃபிளாஷோடு படம் எடுங்கள். எங்கே வெளுக்கிறது என்பதை அது உடனே காட்டிவிடும். என் முதல் ஒத்திகையில் கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பிறைகள் தெரிந்தன. அங்கே பவுடரைக் கைவிட்டதும் சரியாயிற்று. பிறகு நான்கு மணி நேரம் அதே முகத்தோடு வீட்டு வேலை செய்து, எங்கே வியர்த்து வழிகிறது என்றும் கவனித்தேன்.

மணமேடையில் வியர்த்தால் பவுடரை மேலே அப்பாமல், முதலில் டிஷ்யூவால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, பின்பு காம்பாக்டைத் தொடச் சொல்லுங்கள். டிஷ்யூ, காம்பாக்ட், லிப்ஸ்டிக் மூன்றையும் ஒரு சுருக்குப்பையில் போட்டு, பக்கத்தில் நிற்கும் நாத்தனாரிடமோ தங்கையிடமோ கொடுத்துவையுங்கள்.

புகைப்படக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் நாளிலேயே, "ஆல்பத்தில் என் நிறத்தை வெளுக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கேட்காமலேயே வெளுத்துக் கொடுப்பதை ஒரு மரியாதையாக நினைக்கும் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. அச்சுக்குப் போகும் முன் இரண்டு படங்களை வாங்கிப் பார்த்து, முகமும் கையும் ஒரே நிறத்தில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

இரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும், தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் கண்மையையும் ஃபவுண்டேஷனையும் துடைத்தெடுத்து, வழக்கமான சோப்பாலோ கடலை மாவாலோ கழுவிவிட்டுப் படுங்கள். ஸ்பான்ஜை மறுநாளே சோப்பு நீரில் அலசி வெயிலில் காயவைத்தால் மறுவீட்டு விருந்துக்கும் அதுவே உதவும்.